ஜாஸ்பர் தரவுத்தளம்: ஒன்றரை வருசம் பாவித்த பிறகு

என்னுடைய தொழில் வெப்சைட் செய்வது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டு முன்விறாந்தையை மறைத்து அறையாக்கி, இரண்டு கொம்பியூட்டரும் ஒரு யூபிஎஸ்ஸும் வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபம், கோவில் திருவிழா, நகைக்கடை, ரியூசன் சென்ரர் என்று வந்ததையெல்லாம் செய்திருக்கிறேன். நான் ஏ.எல். கணிதப் பிரிவு, உயிரியல் ஓ.எல்.லோடு சரி. அப்படிப்பட்டவன் டி.என்.ஏ. தரவுத்தளம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதுவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் ஜாஸ்பரை ஒன்றரை வருசமாகத் தோண்டித் துருவி அதிலிருந்து எடுத்த டேற்றாவில் ஒரு சின்ன வெப்சைட் கட்டியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருக்கிறது. கட்டுகிறவன் பார்க்கிற பக்கம் வேறு, படிக்கிறவன் பார்க்கிற பக்கம் வேறு.

எல்லாம் மச்சாளால் வந்தது. மனைவியின் தங்கச்சி. திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்; நெல்லும் உப்பும் அவளுடைய விசயம். எங்கள் கடல்நீரேரிக் கரை வயல்களில் உப்பு ஏறுவது புதுக்கதை இல்லை. தொண்டைமானாற்றிலும் அராலியிலும் தடுப்பணை கட்டியதே உவர்நீர் உள்ளே வராமல் மறிக்கத்தான். சில நெல் இனங்கள் அந்த உப்பிலும் தாக்குப்பிடிக்கும், சில கருகிப்போகும். ஏன் என்று தேடுகிறவள் ஒரு நாள் பென்டிரைவோடு வந்து நின்றாள்.

"அத்தான், இந்த எக்செல் ஷீற்றை ஒரு ஒன்லைன் டேற்றாபேஸ் ஆக்கித் தரேலுமோ?"

"என்ன கிடக்கு இதுக்குள்ளை?"

"ட்ரான்ஸ்கிரிப்ஷன் ஃபக்டர் வந்து குந்திற இடங்கள்."

கூலி ஒடியற்கூழ் என்று பேசி முடித்தோம். இரண்டு கிழமை வேலை என்று நினைத்தேன்.

விசயம் தெரியாதவர்களுக்கு நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். ஒரு ஜீன் எந்நேரமும் வேலை செய்துகொண்டிருப்பதில்லை. அதை முடுக்கிவிடவும் அடக்கவும் சில புரதங்கள் இருக்கின்றன. அவை ஜீனுக்கு முன்னால் இருக்கும் டி.என்.ஏ. துண்டில், தங்களுக்குப் பிடித்த எழுத்து வரிசை உள்ள இடமாகப் பார்த்து வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதத்துக்குப் படியெடுப்புக் காரணி என்று பெயர். ஒட்டும் இடத்தைப் பிணைப்பிடம் என்று எழுதலாம். எங்கள் வீட்டில் அதற்குக் குந்துமிடம் என்றே பெயர் வைத்துவிட்டோம். எழுத்து மொத்தம் நாலுதான்: ஏ, சி, ஜி, ரி. குந்துமிடங்கள் பெரும்பாலும் ஆறு எழுத்திலிருந்து பதினைந்து, இருபது எழுத்து வரை நீளம்.

நான் போட்ட முதல் டேபிளில் இரண்டே நிரல். ஒன்றில் காரணியின் பெயர், மற்றதில் அது தேடும் சொல். உதாரணமாக, வரட்சி, உப்பு, குளிர் வந்தால் வேலை செய்கிற டிரெப் என்ற காரணிக் குடும்பத்துக்கு சி-சி-ஜி-ஏ-சி. நகைக்கடைக்கு ஸ்ரொக் லிஸ்ற் போடுவது மாதிரி. மச்சாள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் காரணி எந்த எழுத்து வரிசையை விரும்பும் என்று தொகுத்து வைத்திருக்கும் ஜாஸ்பரை என் கொம்பியூட்டரில் திறந்து, ஒரு பக்கத்தைக் காட்டி, "இதை ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்றாள்.

அந்தப் பக்கம் எம்.ஏ.0004.1. ஆர்ன்ற் என்ற எலிப் புரதம். ஜாஸ்பரின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று. அதில் சொல் இல்லை. நாலு வரி, ஆறு நிரல் கொண்ட ஒரு எண் கட்டம். ஆர்ன்ற் வந்து ஒட்டிய 20 டி.என்.ஏ. துண்டுகளை ஆய்வுகூடத்தில் பிடித்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு இடத்திலும் எந்த எழுத்து எத்தனை தரம் வந்தது என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். முதலாம் இடத்தில் சி 16 தரம், ஏ 4 தரம். இரண்டாம் இடத்தில் ஏ 19, ஜி ஒன்றே ஒன்று. மூன்றாம் இடத்தில் 20 உம் சி. பிறகு 20 உம் ஜி, 20 உம் ரி, 20 உம் ஜி. சுருக்கிச் சொன்னால் சி-ஏ-சி-ஜி-ரி-ஜி. ஆனால் சுருக்கினால் அந்த நாலு ஏ-யும் ஒற்றை ஜி-யும் காணாமல் போகும். முதல் எழுத்து மாறினாலும் ஆர்ன்ற் ஐந்துக்கு ஒரு தரம் மன்னிக்கும். மூன்றாம் எழுத்தில் மன்னிப்பே இல்லை. என்னுடைய இரண்டு நிரல் டேபிளில் இதை எங்கே வைப்பது?

அன்று இரவே டேபிளை அழித்தேன். ஜாஸ்பருக்கு நான் கொடுக்கிற முதல் புள்ளி இதற்குத்தான்: அது தீர்ப்பைத் தருவதில்லை, வாக்கு எண்ணிக்கையைத் தருகிறது. என்ன எண்ணினார்கள், எந்தப் பரிசோதனையில் எண்ணினார்கள், எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்தார்கள், எந்த உயிரினம் என்பதெல்லாம் அதே பக்கத்தில் கீழே நிற்கும்.

கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வர்ணப் படமும் வரும். எழுத்துகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படம். நிச்சயமான எழுத்து உயரமாக, சந்தேகமானது குள்ளமாக. 1990 இல் ஷ்னைடர், ஸ்ரீபன்ஸ் என்ற இருவர் கொண்டுவந்த முறை இது. உயரத்தைத் தகவலின் அலகான பிற்றில் (bit) அளப்பார்கள். அது இரண்டு பிற்றுக்கு மேல் போகாது, ஏனென்றால் நாலு எழுத்தில் ஒன்றைச் சரியாகச் சொல்ல இரண்டு பிற்று போதும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை, கொம்பியூட்டர்காரனுக்குத் தெரிந்த கணக்கு. ஆர்ன்றின் முதல் இடத்தைப் போட்டுப் பார்த்தேன்: ஐந்தில் நாலு சி, ஐந்தில் ஒன்று ஏ, கணக்கு 1.28 பிற்று. மூன்றாம் இடம் முழு இரண்டு. வெயிலில் பெயின்ற் உரிந்த பஸ் போர்ட்டை நாங்கள் வாசிப்பதும் இப்படித்தான். சில எழுத்து போனால் பரவாயில்லை, சில எழுத்து போனால் பருத்தித்துறை எது, பண்டத்தரிப்பு எது என்று தெரியாது.

ஜாஸ்பர் 2004 இல் தொடங்கியபோது அதில் இருந்த கட்டங்கள் 111. சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆட்கள் தொடங்கிவைத்தது. இப்போது முகவரியின் கடைசியில் நோர்வேயின் "நோ" நிற்கிறது. நோர்வே என்றதும் மாமி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒஸ்லோவில் இருக்கிற பெரியம்மாவின் மகனுக்கு அவர்களைத் தெரிந்திருக்குமோ என்று கேட்டா. 2024 இல் வந்தது பத்தாவது பதிப்பு. முள்ளந்தண்டுளிகள், தாவரங்கள், பூச்சிகள், நெமற்றோட்டுப் புழுக்கள், பங்கசுக்கள் என்று பகுதி பிரித்து வைத்திருக்கிறார்கள். தாவரம் என்று தட்டிவிட்டால் மிச்சம் எல்லாம் ஒதுங்கிவிடும்.

டவுன்லோட் செய்கிற வசதி அருமை. முழுத் தொகுப்பையும் ஒரே எழுத்துக் கோப்பாக எடுக்கலாம். ஒரு கல்யாண வீட்டுப் படம் அதைவிடப் பெரிய ஃபைல். போன் டேற்றாவில் இறக்கினாலும் கைக்காசு கரையாது. எஸ்கியூலைற் என்ற தயார்த் தரவுத்தளக் கோப்பாகவும் வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவனுக்கு அது வாழையிலை போட்டுச் சாப்பாடு வைத்த மாதிரி. புரோகிராமிலிருந்து நேரடியாகக் கேட்டு வாங்க ஏபிஐ உண்டு, 2018 பதிப்போடு வந்தது. கட்டத்தின் ஐடியைக் கொடுத்தால் டேற்றா ஜேசன் என்ற வடிவில் வந்து விழும். பைதன், ஆர் (R) என்ற புரோகிராம் மொழிகளுக்கும் தனித்தனிப் பொதிகள் இருக்கின்றன. பதிவு செய், கடவுச்சொல் போடு, நிறுவன மின்னஞ்சல் காட்டு என்ற கரைச்சல் எதுவும் இல்லை. காசும் இல்லை.

காசு இல்லை என்பதைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. இந்தத் துறையில் இதைவிட மூத்தது ட்ரான்ஸ்ஃபக். ஜேர்மனியில் பிரவுன்ஸ்வைக்கில் எட்கர் விங்கென்டர் 1988 இல் தொகுத்த ஒரு அட்டவணையில் இருந்து வளர்ந்தது. பெரிய சாமான், ஆனால் அதன் முழு வடிவத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். டொலரில் சந்தா என்றால் எங்களுக்கு அதோடு கதை முடிந்தது. ஜாஸ்பர் தொடங்கும்போதே எவரும் எடுக்கலாம், எவரும் தங்கள் புரோகிராமுக்குள் வைக்கலாம் என்றுதான் தொடங்கினார்கள். பழைய புத்தகம் தேடுகிற எங்கள் ஆட்களுக்கு நூலகம் டொட் ஓர்க் எப்படியோ, குந்துமிடம் தேடுகிறவர்களுக்கு ஜாஸ்பர் அப்படி. திறந்திருப்பதாலேயே பாவனை கூட, பாவனை கூடியதாலேயே பிழை கண்டுபிடித்துச் சொல்கிற ஆட்களும் கூட.

இனி நான் பட்ட பாடுகள். எல்லாம் என்னுடைய பிழை, தளத்தின் பிழை இல்லை. இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஐடியின் கடைசியில் ஒரு புள்ளியும் எண்ணும் வரும்: 0004.1, 0004.2 என்று. அது பதிப்பு எண். கூடுதல் துண்டுகளை வைத்து புதிதாக எண்ணினால் கட்டம் மாறும், புள்ளிக்குப் பின்னால் எண் ஏறும், பழையதும் இருக்கும். நான் அதை ஏதோ தசம வால் என்று நினைத்து வெட்டி எறிந்தேன். டேபிள் வடிவாக இருந்தது. மூன்று மாதம் கழித்துப் புதிய தொகுப்பை இறக்கி ஏற்றினேன். மச்சாள் தை மாதத்தில் ஒரு ஜீனுக்கு எடுத்த பொருத்தப் புள்ளிகளும் சித்திரையில் எடுத்ததும் ஒத்துவரவில்லை. அவள் இரண்டு நாள் தன்னுடைய வேலையில் பிழை தேடியிருக்கிறாள், பாவம். எந்தப் பதிப்புக் கட்டத்தால் எந்தப் புள்ளி வந்தது என்பதை நான் அழித்துவிட்டேன் என்று தெரிந்தபோது அன்றைக்குக் கூழ் இறங்கவில்லை. இப்போது எங்கள் தளத்தில் ஒவ்வொரு வரியிலும் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் நிற்கிறது. அதை மாற்ற எனக்கே அனுமதி இல்லை என்று புரோகிராமில் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

அடுத்தது பூச்சியம். ஒரு துண்டு எழுத்து இந்தக் கட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க, ஒவ்வொரு இடத்தின் எண்ணிக்கையையும் விகிதமாக்கி, கால் பங்கால் வகுத்து, மடக்கை எடுத்துக் கூட்ட வேண்டும். ஆர்ன்றின் முதல் இடத்தில் சி வந்தால் 1.68 கூடும், ஏ வந்தால் 0.32 குறையும். மூன்றாம் இடத்தில் ஏ வந்தால்? எண்ணிக்கை பூச்சியம். பூச்சியத்தின் மடக்கை என்ன என்று ஏ.எல். கணிதம் படித்தவனுக்குத் தெரியும். என்னுடைய சேர்வருக்கும் தெரிந்தது. முழுப் பக்கமும் கழித்தல் முடிவிலி என்று நிரம்பி வழிந்தது. 20 துண்டு பார்த்ததில் ஏ வரவில்லை என்பதால் 2000 பார்த்தாலும் வராது என்று அடித்துச் சொல்ல முடியாது அல்லவா. ஆகவே எல்லாப் பெட்டிக்கும் முதலில் ஒரு சிறு எண்ணைத் தூவிவிட்டுத்தான் கணக்குத் தொடங்குவார்கள். அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

மூன்றாவது, ஓர் எழுத்துத் தள்ளல். இடங்களை எழுதும் கோப்பு வடிவங்களில் பெட் என்பது பூச்சியத்திலிருந்து எண்ணும், ஜிஎஃப்எஃப் என்பது ஒன்றிலிருந்து எண்ணும். நான் ஒன்றில் வாங்கி மற்றதில் கொடுத்தேன். தளத்தில் இருந்த அத்தனை குந்துமிடமும் ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்து நின்றது. கொம்பியூட்டருக்கு இது பிழையாகவே படவில்லை. மச்சாள் திரையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தவள், "அத்தான், இது சி-சி-ஜி-ஏ-சி இல்லை, ரி-சி-சி-ஜி-ஏ" என்றாள். கண்ணால் கண்டுபிடித்தாள். நான் கோப்பியைக் குடிப்பதா ஊற்றுவதா என்று யோசித்தேன்.

நெல் பக்கத்துக் குழப்பம் தனி. ஒரே நெல் ஜீனுக்கு இரண்டு பெயர்முறை; ஜப்பான்காரர் வைத்தது ஒன்று, அமெரிக்காவில் வைத்தது ஒன்று. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயர், பள்ளிக்கூடப் பெயர் இருக்கிற மாதிரி. இரண்டையும் ஒரு டேபிளில் கட்டிப்போட்டேன், அதோடு விட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜாஸ்பர் தளத்தில் ஸ்கான் என்று ஒரு வசதி இருக்கிறது. உங்களிடம் உள்ள டி.என்.ஏ. எழுத்து வரிசையை ஒட்டி, வேண்டிய கட்டங்களைத் தெரிந்து, பொத்தானை அமர்த்தினால், எங்கெங்கே பொருந்துகிறது என்று பட்டியல் தரும். பொருத்தம் 80 வீதத்துக்கு மேல் இருந்தால் காட்டு என்று முதலிலேயே வைத்திருப்பார்கள்; விரும்பினால் மாற்றலாம். பாவிக்க இலகு, கெதியாக வரும். புதிய ஆள் முதலில் போய் விழுகிற கிணறும் இதுதான். நானும் விழுந்தேன்.

நெல் ஜீன்களுக்கு முன்னால் 1500 எழுத்து வீதம் வெட்டி, தாவரக் கட்டங்கள் எல்லாவற்றையும் வைத்து ஒரு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் குந்துமிடம். எனக்குப் புளுகம் தாங்கவில்லை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அந்த எண்ணைப் போட்டேன். வெப்சைட்காரனுக்குப் பெரிய எண் என்றால் ஒரு ஆசை. மண்டபத்துக்கு எத்தனை இருக்கை, நகைக்கடைக்கு எத்தனை டிசைன் என்று போட்டுப் பழகிய கை.

மச்சாள் மாலை வந்தாள். திரையைப் பார்த்தாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சும்மா எழுந்தமானமா 1500 எழுத்து எழுதிப் போட்டா எத்தினை வரும் அத்தான்?"

"ஒண்டும் வராது. வரக்கூடாதே."

"போட்டுப் பாருங்கோ."

கொம்பியூட்டரைக் கொண்டு ஏ, சி, ஜி, ரி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி 1500 எழுத்தை உருவாக்கி ஓட்டினேன். எந்தச் செடியிலும் இல்லாத, உலகத்தில் எங்கும் இல்லாத டி.என்.ஏ. அதில் சி-சி-ஜி-ஏ-சி மட்டும் நாலு இடத்தில் இருந்தது. உப்புத் தாங்கும் ஜீனில் மூன்று இடத்தில் கண்டு நான் குதித்த அதே சொல்.

பிறகு பேப்பர் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஐந்து எழுத்துச் சொல் ஒன்று, நாலு எழுத்தும் சம அளவில் வந்தால், 1024 இடத்துக்கு ஒரு தரம் தானாக வரும். டி.என்.ஏ.க்கு இரண்டு இழை, இரண்டிலும் தேடுகிறோம்; ஆகவே 512 இடத்துக்கு ஒரு தரம். 1500 எழுத்தில் சராசரியாக மூன்று. எங்கள் மூன்றுக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. முழு நெல் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 38 கோடியே 90 இலட்சம் எழுத்து. இந்தக் கணக்கில் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் அந்தச் சொல் சும்மா கிடக்கும். ஆர்ன்றின் சொல் கொஞ்சம் வேறு: சி-ஏ-சி-ஜி-ரி-ஜி எதிர் இழையிலும் அதேதான், விகடகவி மாதிரி, ஆகவே இரண்டு இழை பார்த்தாலும் எண்ணிக்கை இரட்டிக்காது. 4096 க்கு ஒன்று. அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட ஆயத்தமானபோது மச்சாள் சிரித்தாள். ஜாஸ்பரைத் தொடங்கிய ஆட்களில் இருவரே, வாசர்மனும் சான்டெலினும், 2004 இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்களாம்: கட்டத்தை மட்டும் வைத்துத் தேடி வருகிற இடங்களில் ஏறத்தாழ எல்லாமே உயிருள்ள கலத்துக்குள் எந்த வேலையும் செய்யாதவை என்று. அதற்கு அவர்கள் வைத்த பெயரே "வீண்வேலைத் தேற்றம்" என்கிற மாதிரி ஒன்று. கடை திறந்தவரே வாசலில் நின்று "பார்த்து வாங்குங்கோ" என்று சொன்ன மாதிரி. எனக்கு அந்த ஆட்களில் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

மாமிக்கு நான் இதை விளங்கப்படுத்தியது இப்படி. யாரோ ஒருவருக்குக் கனடாவிலிருந்து பார்சல் வருகிறது. முகவரியில் "வைரவர் கோவிலடி" என்று மட்டும் இருக்கிறது. கொக்குவிலில் ஒழுங்கைக்கு ஒரு வைரவர். கோண்டாவிலில், இணுவிலில், மானிப்பாயில் எத்தனை என்று வைரவருக்கே தெரியாது. பார்சல்காரன் எந்த வைரவரடிக்குப் போவான்? பக்கத்தில் வேறு அடையாளம் வேண்டும், ஆலமரம், பனங்காணி, பள்ளிக்கூட மதில். அதுவும் போதாது, படலை திறந்திருக்க வேண்டும். டி.என்.ஏ.யும் கலத்துக்குள் சுருட்டி மடக்கித்தான் கிடக்கும். படலை சாத்திய பகுதியில் எவ்வளவு அருமையான சொல் எழுதியிருந்தாலும் காரணி உள்ளே போக ஏலாது. மாமி கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பார்சல்காரன் போன் அடிச்சுக் கேட்கிறதுதானே?" என்றா. போன் அடித்துக் கேட்கிறதுக்குப் பெயர்தான் பரிசோதனை.

அந்தப் பரிசோதனைகளும் பலவிதம். உயிருள்ள கலத்தில் காரணி எங்கே குந்தியிருந்ததோ அந்த இடத்தோடு சேர்த்துப் பிடித்து வாசிப்பது சிப்-சீக். செடியின் டி.என்.ஏ.யை வெளியே எடுத்துக் குழாயில் வைத்து, காரணியை விட்டுப் பார்ப்பது டாப்-சீக். 2016 இல் இந்த டாப்-சீக்கால் அரபிடோப்சிஸ் என்ற சின்னக் கடுகுச் சாதிச் செடியில் 529 காரணிகளுக்கு ஒரே அடியாக விபரம் எடுத்தார்கள். ஜாஸ்பரின் தாவரப் பகுதி கொழுத்ததற்கு அது ஒரு பெரிய காரணம். குழாயில் குந்தினால் கலத்திலும் குந்தும் என்று உறுதி இல்லை, ஆனாலும் வெறும் எழுத்துப் பொருத்தத்தைவிட எவ்வளவோ மேல்.

நெல்காரர் ஜாஸ்பருக்குள் போனால் முதலில் உணர்வது இந்த அரபிடோப்சிஸ் பெருக்கத்தைத்தான். தாவரம் என்றால் பெரும்பங்கு அந்தச் செடி. சோளமும் நெல்லும் இருக்கின்றன, ஆனால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கத்துக்கு வந்த நாலு பேர் மாதிரி. பனைக்கும் முருங்கைக்கும் ஒன்றும் தேடிப் போகவேண்டாம். உங்களுடைய புரத வரிசையைக் கொடுத்தால், அதைப் போன்ற புரதத்துக்கு ஏற்கெனவே உள்ள கட்டத்தைக் காட்டுகிற ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். டி.என்.ஏ.யைத் தொடுகிற பகுதி இரண்டு புரதத்திலும் ஒன்றுபோல இருந்தால் தேடும் சொல்லும் ஒன்றுபோல இருக்கும் என்ற நியாயம். மச்சாள் நெல்லுக்கு அப்படித்தான் கணிசமானவற்றை எடுக்கிறாள். கடன் வாங்கியது என்று பக்கத்தில் குறித்துக்கொள்வாள்.

ஜாஸ்பரின் இன்னொரு குணம் எனக்குப் பிடிக்கும். 2020 பதிப்பில் "உறுதிப்படுத்தாதவை" என்று ஒரு தனித் தொகுப்பை ஒதுக்கினார்கள். கட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் வேறு ஆய்வு ஒன்றால் ஆதரவு கிடைக்கவில்லை என்றால் அது அங்கே போகும். அதன் ஐடி யூ.என். என்று தொடங்கும். பிரதான தொகுப்புக்குள் போவதற்கு மனிதர் ஒருவர் உட்கார்ந்து கட்டுரைகளை வாசித்துச் சரி பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டி வைத்து எண்ணிக்கை காட்டுகிற தளங்களும் உலகத்தில் உண்டு. பெயர் வேண்டாம், அப்படி ஒன்றில் எங்களுக்கு வேண்டிய ஒரு குந்துமிடத்தைப் பிடித்துவிட்டு, சான்றுக் கட்டுரை எது என்று தேடினால் அந்தப் பெட்டி வெறுமை. இன்னொரு பழைய தளம் மூன்று கிழமை முயன்றும் திறக்கவே இல்லை. ஆராய்ச்சிப் பணம் முடிந்தால் தரவுத்தளமும் கோவில் தேர்முட்டி மாதிரி புல் முளைத்துக் கிடக்கும் என்று மச்சாள் சொல்வாள். ஜாஸ்பர் 20 வருசம் தாண்டி நிற்பது அந்த வகையில் சின்ன விசயம் இல்லை.

மொழி ஆங்கிலம் மட்டும். அதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உதவிப் பக்கங்கள் உயிரியல் தெரிந்தவருக்கு எழுதியவை. என்னைப் போல பின்வாசலால் வருகிற புரோகிராமர் தடுமாறுவான். பக்கத்தில் ஒரு மச்சாள் தேவை.

எங்கள் தளத்துக்கு ஜாஸ்பர் மட்டும் போதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜாஸ்பர் தருவது "இந்தக் காரணி இப்படிப்பட்ட இடத்தை விரும்பும்" என்ற செய்தி. "இந்த ஜீனுக்கு முன்னால், இந்த இடத்தில், உண்மையாகவே குந்தியது" என்பது வேறு செய்தி. இரண்டாவது வகைக்கு நான் படித்த பாடசாலை ரெகுலன்டிபி என்ற தரவுத்தளம். மெக்சிகோவில் கொல்லாடோ-வீடெஸ் குழுவினர் 1990களின் கடைசியிலிருந்து நடத்துவது. ஈ. கோலை என்ற ஒரே ஒரு பற்றீரியாவுக்கு மட்டும். அங்கே ஒவ்வொரு குந்துமிடத்துக்கும் சான்று பலவீனமா, பலமா, உறுதிப்பட்டதா என்று தரம் குறித்திருப்பார்கள். ஜாஸ்பர்க்காரரே உண்மையான பிணைப்பிடங்களுக்கு யூனிபைன்ட் என்று ஒரு சகோதரத் தளம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வடிவம் கடைசியில் இவையெல்லாம் கலந்த ஒரு கூழ்தான்: கட்டம் ஜாஸ்பரிடமிருந்து, சான்றுத் தரம் மெக்சிகோவிலிருந்து, உப்பு எங்கள் ஊரிலிருந்து.

யார் பாவிக்கலாம் என்று கேட்டால், ஏ.எல். உயிரியல் ஆசிரியர்கள் ஒரு பாடவேளை இதைத் திறந்து ஆர்ன்ற் பக்கத்தைக் காட்டலாம்; 20 துண்டை எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளே பேப்பரில் செய்யலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னைப் போன்ற வெப்காரர், உயிரியல்காரர் யாராவது எக்செல் ஷீற்றோடு வந்து நின்றால், இரண்டு கிழமை என்று வாய் விடவேண்டாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரைப் புள்ளி நெல்லுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் தளத்தில் சான்று என்ற நிரலைச் சேர்த்த பிறகு, அதில் வெறும் எழுத்துப் பொருத்தம் மட்டும் உள்ள வரிகளை முதல் பக்கத்தில் காட்டவேண்டாம் என்று மச்சாள் சொன்னாள். வடிகட்டியைப் போட்டேன். ஆயிரக்கணக்கில் நின்ற எண் 41 ஆக விழுந்தது.

"நாப்பத்தொண்டுக்கு ஒரு வெப்சைட்டோ பிள்ளை? சனம் சிரிக்கும்."

"போன கிழமை முப்பத்தெட்டு அத்தான்" என்றாள் மச்சாள். "மூண்டு கூடியிருக்கு."

பெரிய எழுத்தில் போட்டிருந்த பழைய எண்ணை எடுத்துவிட்டு 41 ஐப் போட்டேன். எழுத்தின் அளவை மட்டும் குறைக்கவில்லை.